தவளைகளுக்கு வரும் கொள்ளைநோய்

மனிதருக்கு வரும் அம்மையையும் காய்ச்சலையும் பற்றிப் பேச மருத்துவர்கள் பலர் இங்கே வந்திருக்கிறார்கள். மாட்டுக்கு வரும் கோமாரியைப் பற்றியும் கோழிக்கு வரும் கழிச்சலைப் பற்றியும் நேயர்கள் கேட்டிருப்பார்கள். இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது தவளைக்கு வரும் தொற்றுநோய். தவளைக்கு ஒரு நோயா, அதற்கு ஒரு தடுப்பா என்று சிலர் நகைக்கக்கூடும். நகைத்து முடித்தபின் சற்றுச் செவிசாய்க்குமாறு வேண்டுகிறோம். ஏனெனில் முதுகெலும்புள்ள உயிர்களில் இவ்வளவு இனங்களை இவ்வளவு விரைவில் அழித்த வேறொரு நோயை விஞ்ஞானம் இதுவரை கண்டதில்லை. அந்த நோயை நாட்டுக்கு நாடு சுமந்து சென்றது காற்றன்று, பறவையுமன்று. பெரும்பாலும் மனிதன் கைதான்.

நெய்யாற்றங்கரை வட்டத்தில், தமிழும் மலையாளமும் ஒரே வீட்டுத் திண்ணையில் கலந்து ஒலிக்கும் எல்லையூர்களை மனத்தில் வைத்தே இதைச் சொல்லுகிறோம். ஆரியங்கோடு, பெருங்கடவிளை, பாறசாலை ஆகிய ஊர்களுக்குக் கிழக்கே நோக்கினால் அகத்தியர் மலைத் தொடர் நீலமாய்த் தெரியும். 1868 மீட்டர் உயரமுள்ள அம்மலையின் சரிவில் பிறக்கும் நெய்யாறு அணையில் தங்கி, இறப்பர்த் தோட்டங்களுக்கும் மரச்சீனி விளைகளுக்கும் இடையே வளைந்து, பூவாற்றில் கடலோடு கலக்கிறது. ஒரு காலத்தில் இப்பகுதியின் தாழ்வாரமெல்லாம் நெல் விளையும் ஏலாக்கள். இன்று அவற்றிற் பெரும்பகுதி வாழையாகவும் மனைக்கட்டாகவும் மாறிவிட்டது. எஞ்சிய ஏலாவிலும் குளத்திலும் தோட்டிலும் இடவப்பாதி மழை இறங்கியதும் கேட்கும் ஓசையை இவ்வூரார் அறிவார்கள். மஞ்சள் பூசியதுபோல் நிறம் மாறும் பெருந்தவளையின் குரல் ஒன்று. வீட்டு முற்றத்துச் சொறித்தேரையின் நீண்ட விளி ஒன்று. மண்ணுக்குள் கிடந்து மழைக்கு மேலே வரும் நுணலின் குரல் மற்றொன்று. தவளை தன் வாயால் கெடும் என்பது நம் பழமொழி. இந்த நோயைப் பொறுத்தவரை தவளை கெடுவது வாயாலன்று, தோலால்.

தவளையின் தோல் நம்முடைய தோலைப் போன்றதன்று. நமக்குத் தோல் ஒரு போர்வை; தவளைக்கோ அதுவே பாதி நுரையீரல், அதுவே நீர் பருகும் வாய். தவளை வாய்வழியே தண்ணீர் குடிப்பதில்லை. ஈரத்தில் அமர்ந்து தோலின் வழியே உறிஞ்சிக்கொள்கிறது. உடலின் உப்பை அளவோடு காப்பதும் அந்தத் தோலே. அத்தகைய தோலில் பற்றும் ஒரு நுண்காளானே நாம் சொல்லவந்த பகைவன். அதற்கு விஞ்ஞானிகள் இட்ட பெயர் பாட்ரகோகைட்ரியம் டென்ட்ரோபாடிடிஸ். நாக்குச் சுளுக்கும் பெயர்தான். அதன் பொருள் எளிது: கிரேக்க மொழியில் பாட்ரகோஸ் என்றால் தவளை, கைட்ரா என்றால் சிறு மண்பானை. உருப்பெருக்கியின் கீழ் இக்காளான் கழுத்துள்ள குடம்போலத் தோன்றுவதால் இப்பெயர். நாம் இதைக் குடக்காளான் என்று அழைத்துக்கொள்ளலாம்.

அந்தக் குடத்திலிருந்து வாலுள்ள வித்துகள் வெளிவந்து நீரில் நீந்துகின்றன. அடுத்த தவளையின் தோலைத் தொட்டதும் அங்கே குடிபுகுந்து புதுக் குடம் ஆகின்றன. தலைப்பிரட்டைக்கு வாய்ப்பகுதியில் மட்டுமே கெரட்டின் என்னும் கொம்புப்பொருள் உண்டு. ஆகையால் காளான் அங்கே ஒதுங்கிக் கிடக்கிறது. பிரட்டை சாவதில்லை, நோயைச் சுமந்து திரிகிறது. கால் முளைத்துத் தவளையாகி உடல் முழுதும் தோல் முதிர்ந்ததும் காளான் எங்கும் பரவுகிறது. தோல் தடிக்கிறது, உரிகிறது. உப்பை உள்ளே வாங்கும் ஆற்றல் குன்றுகிறது. குருதியில் சோடியமும் பொட்டாசியமும் தாழ்ந்து முடிவில் இதயம் நின்றுவிடுகிறது. 2009-இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்று இதைத் தெளிவாக்கியது. வெளியே ஒரு காயமுமில்லாமல் தவளை செத்துக் கிடப்பதன் காரணம் அதுவரை பலருக்குப் புதிராகவே இருந்தது.

ஆஸ்திரேலியாவிலும் மத்திய அமெரிக்காவிலும் மாசற்ற மழைக்காட்டு ஓடைகளில் தவளைகள் கூட்டங்கூட்டமாக மறைந்ததற்கு இக்காளானே காரணம் என்று 1998-இல் கண்டறியப்பட்டது. அடுத்த ஆண்டில் அதற்கு முறைப்படி பெயர் சூட்டினார்கள். அந்தப் பெயர்சூட்டுக்கு மூலமான மாதிரி காட்டிலிருந்து வந்ததன்று. வாஷிங்டன் தேசிய விலங்குக் காட்சிச்சாலையில் கூண்டில் இறந்த நீலத் தவளையொன்றின் தோலிலிருந்து வந்தது. காட்டிலுள்ள நோயும் கூட்டிலுள்ள நோயும் ஒன்றே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? 2019-இல் உலகக் கணக்கெடுத்தவர்கள் 501 இனங்கள் இந்நோயால் குறைந்தன என்றும், அவற்றுள் 90 இனங்கள் இயற்கையில் அற்றுப்போயின அல்லது அற்றுப்போனதாகக் கருதப்படுகின்றன என்றும் எழுதினார்கள். வயிற்றுக்குள்ளேயே குஞ்சு வளர்த்து வாய்வழியே ஈன்ற விந்தைத் தவளையினம் ஒன்று ஆஸ்திரேலியாவில் இருந்தது. 1980-களின் நடுவிற்குப் பிறகு அதைக் கண்டவர் இல்லை. அதன் மறைவுக்கும் இந்தக் காளானையே பலர் ஐயுறுகிறார்கள்.

இது எங்கிருந்து கிளம்பியது? மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வாளர் 2018-இல் கிழக்காசியாவையே, சிறப்பாகக் கொரியத் தீபகற்பத்தையே, இதன் தாயகமாகச் சுட்டினர். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் வாணிகம் பெருகியபோது இது உலகெங்கும் சிதறியது என்பது அவர் கணிப்பு. வாணிகம் என்றால் ஏதோ பெரிய கப்பல் சரக்கு என்று எண்ணவேண்டாம். ஒரு காலத்தில் கருத்தரிப்பைச் சோதிக்கத் தென்னாப்பிரிக்க நகத்தவளையைப் பயன்படுத்தினார்கள். பெண்ணின் சிறுநீரைத் தவளைக்கு ஊசியால் ஏற்றினால், அவள் கருவுற்றிருந்தால், தவளை ஒரு நாளுக்குள் முட்டையிடும். 1930-களில் தொடங்கிப் பல்லாண்டுகள் அந்தத் தவளைகள் உலகின் மருத்துவ நிலையங்களுக்கெல்லாம் உயிரோடு சென்றன. 1938-இல் சேகரித்து அருங்காட்சியகத்தில் வைத்த அவ்வினத் தவளையொன்றின் தோலிலும் பின்னாளில் குடக்காளான் காணப்பட்டது. அந்தத் தவளைக்கு நோயின் அடையாளம் எதுவும் புலப்படுவதில்லை; சுமந்து செல்லும், சாகாது. அச்சத்துக்குரியது இத்தகைய தவளையே.

நல்லெண்ணமும் நோயைச் சுமக்கும் என்பதற்கு மயோர்க்காத் தீவின் கதை ஒன்று உண்டு. மத்தியதரைக் கடலிலுள்ள அத்தீவில் முட்டைச் சரத்தை ஆண் தேரையே காலிற் சுற்றிச் சுமக்கும் அரிய இனம் ஒன்று வாழ்கிறது. அழியும் நிலையில் இருந்த அதனை ஐரோப்பாவில் ஒரு வளர்ப்பகத்தில் பெருக்கி மீண்டும் தீவின் மலைக் குட்டைகளில் விட்டார்கள். அந்த வளர்ப்பகத்தில் தென்னாப்பிரிக்கத் தவளைகளும் இருந்தன. அவற்றிலிருந்து தேரைக்குத் தாவிய காளான், காப்பாற்றப்பட்ட தேரைகளோடு தீவுக்குள் நுழைந்தது. பின்னர் அதனை ஒழிக்க ஆய்வாளர் பட்ட பாடு கொஞ்சமன்று. பிரட்டைகளையெல்லாம் குட்டையிலிருந்து அள்ளி இட்ராகொனசோல் என்னும் மருந்துநீரில் குளிப்பாட்டினார்கள். வற்றிய குட்டையையும் பாறையையும் கிருமிநாசினியிட்டுக் கழுவினார்கள். ஆண்டுகள் பல சென்று 2015-இல்தான் காட்டில் இந்நோயை ஒரிடத்திலேனும் ஒழித்தோம் என்று அவர்கள் அறிவிக்க முடிந்தது. உலகில் இதுவே முதல் வெற்றி. அதுவும் எண்ணத்தக்க சில குட்டைகள் மட்டுமுள்ள தீவில் கிட்டிய வெற்றி. தோடும் வாய்க்காலும் வயலும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் நம் நாட்டில் அது நடவாத காரியம். வந்தபின் ஒழிக்க வழியில்லாத இடத்தில் வராமற் காப்பது ஒன்றே வழி.

இனி நம் நாட்டுக்கு வருவோம். திருவனந்தபுரத்து ராஜீவ் காந்தி உயிர்த்தொழில்நுட்ப மையத்து ஆய்வாளரும் பின்லாந்து நாட்டு ஆய்வாளரும் சேர்ந்து 2011-இல், மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்திராணா இனத் தவளைகளில் இக்காளான் இருப்பதை வெளியிட்டார்கள். 2013-இல் அத்தொடரின் வடபகுதித் தவளைகளில் ஆசியாவுக்கே உரிய கிளை வகையொன்று இருப்பது தெரியவந்தது. இதன் பின் ஐதராபாத்து உயிரணு மூலக்கூற்று ஆய்வு மையத்தார் நம் நாட்டின் பல பகுதிகளில் இதனைத் தேடிக் கண்டிருக்கிறார்கள். ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பனாமாவில் நிகழ்ந்ததுபோல் இந்தியாவில் இக்காளானால் தவளைகள் கூட்டமாக மடிந்ததாகச் சான்று இல்லை. நெடுங்காலம் ஒரே மண்ணில் வாழ்ந்து தவளையும் காளானும் ஒருவாறு இணங்கிவிட்டன என்பது பலர் கருத்து.

அப்படியானால் அச்சமெதற்கு என்று கேட்பது நியாயமே. இணக்கம் என்பது இங்குள்ள கிளைக்கும் இங்குள்ள தவளைக்கும் இடையே உள்ளது. உலகை வலம்வந்த கொடிய கிளை வேறு. அது வெளிநாட்டுத் தவளையின் தோலில் ஏறி இங்கு வந்தால் என்னாகும் என்பதற்கு எவரும் பிணை கொடுக்க மாட்டார். மற்றொன்று வெப்பம். இக்காளான் 17 முதல் 25 பாகை வரையுள்ள குளிர்ச்சியில் செழிக்கும். 28-க்கு மேல் தளரும். 30-இல் மெல்ல மடியும். பங்குனிச் சித்திரையில் ஆரியங்கோட்டுக் குளத்து நீர் அந்தக் காளானுக்குக் காய்ச்சிய எண்ணெய் போலத்தான். ஆனால் முப்பது நாற்பது கிலோமீட்டர் மேலேறினால் அகத்திய மலையின் ஓடைகளில் ஆண்டு முழுதும் குளிர்ச்சி. உலகில் வேறெங்கும் இல்லாத தவளைகள், சில ஒரே மலைமுகட்டில் மட்டும் வாழ்பவை, அங்கேதான் உள்ளன. சமவெளித் தேரைக்கு ஒன்றும் செய்யாத கிருமி மேலே சென்றால் அழிவு செய்யக்கூடும். கீழிருந்து மேலே செல்லும் வாகனம் எது? மலையேறுவோரின் காலணிச் சேறு. ஆராய்ச்சி மாணவனின் வலை. சில வேளை பையில் போட்டு எடுத்துச்சென்ற தவளையே.

இவ்விடத்தில் தவளைக்கால் வாணிகத்தை நினையாமலிருக்க முடியவில்லை. பெட்ரோமாக்ஸ் விளக்கொளியில் திகைத்து நிற்கும் பெருந்தவளையைக் கோணியில் அள்ளிக்கொண்டு போன காலம் எல்லையூர் முதியோருக்கு மறந்திராது. கால்கள் கொச்சியில் குளிரூட்டப்பட்டுக் கப்பலேறின. ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான டன் என்பது கணக்கு. 1987-இல் மைய அரசு ஏற்றுமதியைத் தடைசெய்தது. வயலில் பூச்சி பெருகுகிறது, அதற்கு மருந்தடிக்கும் செலவு தவளைக்கால் ஈட்டும் அந்நியச் செலாவணியை விழுங்குகிறது என்ற வாதம் அப்போது வலுவாக எழுந்தது. தடையால் நமக்கு மற்றொரு நன்மையும் அறியாமலே விளைந்தது. பலவூர்த் தவளைகளை ஒரே கோணியில் நெருக்கிக் கொண்டுசெல்லும் பழக்கம் பெருமளவில் ஒழிந்தது. நோய் கலப்பதற்கு அதைவிட வசதியான ஏற்பாட்டை யாராலும் செய்திருக்க இயலாது. கள்ளத்தனமாகப் பிடிப்பது அறவே நின்றதென்று சொல்லுவதற்கில்லை.

கோணியைப் போன்றதே பழைய கல்லூரி ஆய்வுக்கூடத்தின் சிமெண்டுத் தொட்டி. விலங்கியல் படித்தவர் எவரும் அதனைக் கண்டிருப்பர். அறுத்துப் படிப்பதற்காகத் தரகர் கொண்டுவரும் தவளைகள் ஒன்றன்மேல் ஒன்றாய்க் கிடக்கும். சில நாளில் தொடையிலும் வயிற்றிலும் செம்புள்ளி கண்டு மடியத் தொடங்கும். செங்கால் நோய் என்று இதற்குப் பெயர். ஏரோமோனாஸ் என்னும் நீர்ப்பாக்டீரியா பெரும்பாலும் இதற்குக் காரணம். இந்தப் பாக்டீரியா எந்தக் குளத்திலும் உள்ளதுதான். நெருக்கமும் அழுக்கு நீரும் பட்டினியும் தவளையின் வலிமையைக் குறைக்கும்போதே அது கொல்லுகிறது. நாட்டுப்புற மக்களிடையே காலராவும் கூட்டத்தில்தான் பரவியது அல்லவா? பல்கலைக்கழக மானியக் குழு 2011-இல் அறுவையைக் குறைக்கவும் 2014-இல் நிறுத்தவும் சொன்னபின் அத்தொட்டிகள் பெரும்பாலும் வறண்டன. முன்னாளில் எஞ்சிய தவளைகளை இரக்கப்பட்டு அருகிலுள்ள குளத்தில் விட்டுவிடும் வழக்கமும் உண்டு. அந்த இரக்கம் தவறான இடத்தில் காட்டிய இரக்கம்.

தொட்டி வறண்டாலும் கண்ணாடித் தொட்டி நிரம்புகிறது. வண்ணமீன் கடைகளில் வெண்ணிற நகத்தவளைக் குஞ்சுகள் மீனோடு மீனாக விற்கப்படுகின்றன. நாம் முன்னே சொன்ன தென்னாப்பிரிக்கத் தவளையின் வழித்தோன்றல்களே அவை. வாங்கிய பிள்ளைக்கு ஆறு மாதத்தில் ஆர்வம் தீர்ந்துவிடும். தவளையோ பதினைந்து ஆண்டுகூட வாழும். பிறகு அது போவது எங்கே? தோட்டில்தான். இதை மட்டும் செய்யவேண்டாம் என்று பெற்றோரை வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறோம். வளர்க்க இயலாவிடில் விற்ற கடையிலேயே திருப்பிக் கொடுக்கலாம். தொட்டியின் நீரையும் வாய்க்காலில் கொட்டலாகாது. வெயில் காயும் வறண்ட தரையில், நீர்நிலைக்கு எட்டத்தில் ஊற்றவேண்டும். புதிதாக வந்த உயிரைப் பழைய தொட்டியில் உடனே சேர்க்காமல் தனித்தொட்டியில் குறைந்தது 30 நாளேனும் வைத்துப் பார்ப்பது உலகெங்கும் காட்சிச்சாலைகள் கைக்கொள்ளும் முறை. இரண்டு மூன்று மாதம் வைப்போரும் உளர். தனித்தொட்டிக்குத் தனி வலை, தனிக் கைப்பிடித் துணி. வேலை பார்க்கும்போது பழைய தொட்டியை முதலிலும் புதியதை இறுதியிலும் கவனிக்கவேண்டும். இதற்குச் செலவு ஒன்றுமில்லை, வரிசையை மாற்றுவதுதான்.

மீன் வளர்ப்போருக்கு ஒரு சொல். அந்தமான் தீவுகளில் நம் பெருந்தவளை இந்த நூற்றாண்டில் அயலாராய்க் குடியேறிப் பெருகிவிட்டது. மீன்குஞ்சுகளோடு கலந்து வந்த பிரட்டைகளே அதற்கு விதை என்பது ஆய்வாளர் முடிவு. பிரட்டை ஏறிவந்தால் பிரட்டையின் நோயும் ஏறிவரும். ரானாவைரஸ் என்னும் வேறொரு கிருமி மீனையும் தவளையையும் ஆமையையும் ஒருங்கே தாக்கும். ஆகவே நெய்யாற்றுப் பக்கத்துக் குளங்களில் மீன்குஞ்சு இறக்குவோர், பையை அப்படியே கவிழ்க்காமல் ஒரு வெள்ளைத் தட்டிலோ வலையிலோ ஊற்றிப் பார்த்து, பிரட்டை இருந்தால் நீக்கவேண்டும். வந்த நீரைக் குளத்தில் சேர்க்காமல் கரையில் விடவேண்டும். மீன்குளத்துக்கு இடும் சிறு அளவுப் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை நம்பி இருப்பவர் பலர். ரானாவைரசை அந்த அளவு ஒன்றும் செய்வதில்லை என்று 2009-இல் சோதித்துக் கண்டிருக்கிறார்கள்.

அகத்திய மலைக்கு ஏறுவோரும் ஓடையில் ஆய்வு செய்யும் மாணவரும் கைக்கொள்ளவேண்டிய முறை கடினமானதன்று. முதலில் காலணி, வலை, வாளி ஆகியவற்றின் சேற்றைத் தேய்த்து நீக்கவேண்டும். சேறு இருக்கும்வரை எந்த மருந்தும் உள்ளே செல்லாது. இதைப் பலர் மறந்துவிட்டு மருந்தை மட்டும் தெளிக்கிறார்கள். பின்பு நூற்றுக்கு ஒரு பங்கு சோடியம் ஹைப்போகுளோரைட்டு உள்ள வெளுப்புநீரில் ஒரு நிமிடம் தோய்த்தால் குடக்காளான் மாயும். ரானாவைரசுக்கு அதைவிட வலுவான நீர் வேண்டும். அந்த நீரை ஓடையில் கழுவினால் நோயை விட்டு நஞ்சைக் கொடுத்தவராவோம். மருந்தில்லாதபோது வெயிலே மருந்து. குடக்காளான் முற்றிலும் உலர்ந்தால் சில மணி நேரத்தில் சாகும். 60 பாகை வெந்நீரில் ஐந்து நிமிடம் போதும். முந்தைய நாளே துவைத்துச் சித்திரை வெயிலில் பாறைமேல் காயவைத்த காலணியோடு மலையேறுவோர் பெரும் உதவி செய்தவராவார். தவளையைக் கையால் தொட நேரும் ஆய்வாளர் ஒவ்வொரு தவளைக்கும் புதுக் கையுறை அணியவேண்டும், ஒரு பையில் ஒன்றையே வைக்கவேண்டும், பிடித்த இடத்திலேயே விடவேண்டும். பக்கத்து ஓடையும் வேறு ஊர்தான்.

தவளை போனால் நமக்கென்ன நட்டம் என்று இன்னும் ஐயுறுவோருக்கு ஒரு கணக்கு. கோஸ்டாரிக்கா, பனாமா ஆகிய நாடுகளில் இந்நோயால் தவளைகள் மறைந்த வட்டாரங்களில் அடுத்த சில ஆண்டுகள் மலேரியாக் காய்ச்சல் கூடியதென்று 2022-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. உச்சக் காலத்தில் ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ ஒருவர் கூடுதலாக நோயுற்றனர். கொசுவின் புழுவைத் தின்னும் பிரட்டையும் கொசுவைத் தின்னும் தவளையும் இல்லாமற்போனதன் விலை அது.

பிள்ளைகள் மழைக்காலத்தில் போத்தலில் பிரட்டை வளர்ப்பதை நாம் தடுக்கச் சொல்லவில்லை. வால் சுருங்கிக் கால் முளைப்பதைக் கண்ணாரக் கண்ட பிள்ளை தவளையை மிதிக்க மாட்டான். எடுத்த குட்டையின் நீரிலேயே வளர்த்து, எடுத்த குட்டையிலேயே விட்டுவிடச் சொல்லிக்கொடுத்தால் போதும். கையையும் சவுக்காரமிட்டுக் கழுவவேண்டும். தேரையின் தோலிலுள்ள நஞ்சு கண்ணில் பட்டால் எரியும்.

ஒரே நீர்நிலையில் காயமின்றிப் பல தவளைகள் செத்துக் கிடந்தாலோ, பகல் வெளிச்சத்தில் கால் விரித்துத் தளர்ந்து அமர்ந்து தொட்டாலும் தாவாமலிருந்தாலோ, அந்த நீரில் இறங்காமல் நாளையும் இடத்தையும் குறித்துக்கொண்டு, கைப்பேசியில் படமெடுத்து வனத்துறை அலுவலகத்துக்கோ அருகிலுள்ள கல்லூரியின் விலங்கியல் துறைக்கோ அறிவிக்கவேண்டும். செத்த தவளை வெப்பத்தில் ஒரு நாளில் அழுகிவிடும். அழுகியதிலிருந்து நோயைத் தேறுவது அரிது. ஆகையால் அன்றைக்கே சொல்லுவது நன்று.